நடுமூளையை யாரும் எழுப்ப வேண்டியதில்லை

தனியார் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால், நடுமூளையை எழுப்பிவிட்டால் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டே பார்ப்பார்கள் என்று சொல்லி 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' (நடுமூளைத் தூண்டல்) வகுப்பு நடத்துவோர் உங்களிடம் அரங்கம் கேட்டு வருவார்கள். கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் சீட்டின் நிறத்தைச் சொல்வான், நாளிதழை வாசிப்பான், பெற்றோர் வியந்து பணம் கட்டுவார்கள். அவ்வகுப்புக்கு உங்கள் பள்ளியின் இடத்தையும் பெயரையும் தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதி. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளமே உடையது. விழிகளை அசைப்பதிலும், சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்புவதிலும், நாம் விழித்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. மயங்கிக் கிடப்பவரின் கண்ணில் மருத்துவர் டார்ச் அடிக்கும்போது கண்பாவை சுருங்குகிறதே, அது நடுமூளை வழியாக நடப்பதுதான். அங்குள்ள, டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயாளிக்குக் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. ஓடியாடும் எந்தப் பிள்ளைக்கும் நடுமூளை ஏற்கெனவே ஓயாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஒளி விழித்திரையில் பட்டு, பார்வை நரம்பின் வழியே மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்னும் பகுதியை அடைந்து, பெருமூளையின் பின்பகுதிக்குச் சென்றால்தான் நமக்கு நிறம் தெரியும். ஒளியை முழுவதும் மறித்துவிட்டால் மூளையின் எந்தப் பகுதியாலும் சீட்டைப் பார்க்க இயலாது. மேடையில் அந்தப் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். மோவாய் சற்றே உயரும். சீட்டு மூக்குக்குக் கீழே, நெஞ்சருகே வரும். மூக்கின் இருபுறமும் துணி ஒட்டாமல் நிற்கும் சிறு இடைவெளியே அதற்குப் போதும். அதே சீட்டை நெற்றிக்கு மேலே பிடித்தால் வித்தை நின்றுவிடும்.

இடமூளையும் வலமூளையும் தனித்தனியே இயங்குவதுபோல் அவர்கள் பேசுவதும் 1981-இல் நோபல் பரிசு பெற்ற ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்வைத் திரித்துச் சொல்வதே. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை துண்டிக்கப்பட்டவர்களை அவர் ஆராய்ந்தார். அந்த இணைப்பு நம் பிள்ளைகளுக்கு அறுபடவில்லை.

பணம் போவதைவிட என்னை வருத்துவது வேறு. இடுக்கு வழியே பார்த்தது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பெற்றோரின் பூரிப்பைக் கண்டபின் அதைச் சொல்ல எட்டு வயதுப் பிள்ளைக்குத் துணிவு வருமா? பார்க்க முடியாத பிள்ளையோ தனக்குத்தான் அறிவு குறைவு என்று எண்ணி ஒடுங்கிப்போகும்.

அரங்கம் கேட்டு வருவோரிடம், ஒளி புகாதபடி கறுப்புத்தாள் ஒட்டிய நீச்சல் கண்ணாடியைத் தங்கள் மாணவருக்கு அணிவித்து, உங்கள் அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் ஒரு பக்கம் வாசிக்கச் செய்யுமாறு கேளுங்கள். அதற்கு இசையாதவர்களுக்கு அரங்கத்தைத் தராதீர்கள்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்