ஒரு தேக்கு மேசைக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

வணக்கம்.

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்துப் பட்டறையில் செய்த தேக்கு டைனிங் டேபிள் முடிந்து, கூடத்துக்கு ஏறிவிட்டது. 6 அடி நீளம், 3 அடி அகலம், 30 இன்ச் உயரம். ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். தொழில் ரகசியம் என்று எதையும் மூடி வைக்காமல் சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் தொழிலை மட்டும் சொல்லி நன்றி தெரிவிக்கிறோம். யார் என்ன சொன்னார்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து மேசை செய்ய இறங்குகிறவர்களுக்கு நன்றியைவிட அதுதான் உதவும்.

முதலில் சைடன்ஹாம்ஸ் சாலை மரவாடிப் பெரியவருக்கு. மேசையின் முடிந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று கன அடிக்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். அதை நம்பி மரம் வாங்கினால் பாதியில் நிற்க வேண்டியதுதான் என்று சொல்லி, எங்கள் தாளை வாங்கி அவரே திருத்திக் கொடுத்தார். மேல்பலகை ஒன்றேகால் இன்ச் கனத்தில் நிற்க வேண்டுமானால் ஒன்றரை இன்ச்சில் அறுத்த பலகை வேண்டும். 6 இன்ச் அகலத்தில், ஆறே கால் அடி நீளத்தில் 7 பலகை: 2.75 கன அடி. கால்களுக்கு மூன்றேகால் இன்ச் சதுரத்தில் 30 இன்ச் துண்டு நான்கு: 0.75. கால்களை இணைக்கும் சுற்றுச் சட்டங்களுக்கு 0.6. கணுவோ வெடிப்போ வந்தால் மாற்றிக்கொள்ள உபரியாக ஒரு பலகை: 0.4. ஆக நாலரை கன அடி. கடைசித் துண்டு வரை இந்தக் கணக்கு பிசகவில்லை.

நீளமும் அகலமும் கூடக் கூட ஒரு கன அடியின் விலையும் ஏறும் என்பதையும் அவர்தான் சொன்னார். கால்களுக்கும் குட்டைச் சட்டத்துக்கும் நீள மரம் வாங்கி வெட்டுவது வீண். குட்டை மரம் தனியாக, மலிவாகக் கிடைக்கும். பர்மா தேக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அவர் பதில் நிதானமானது: மியான்மர் 2014-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது, இப்போது யார் அந்தப் பெயரில் விற்றாலும் பெயரைப் பார்க்காதே, பலகையின் முனையைப் பார். வளர்ச்சி வளையங்கள் நெருக்கமாக இருக்கிறதா, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) எவ்வளவு ஏறியிருக்கிறது, வைரம் (உள்ளே இருக்கும் முற்றிய மரம்) எவ்வளவு என்பதெல்லாம் அங்கேயே தெரியும். வெள்ளையைப் பூச்சி சீக்கிரம் பிடிக்கும். சாயம் பூசி மறைத்த வெள்ளையை ஓரத்தில் லேசாகச் சீவிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

இடித்த வீட்டின் பழைய பர்மா உத்திரம் கிடைத்தால் அதுவும் நல்ல மரம்தான், வருடக்கணக்கில் காய்ந்தது. ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். காந்தத்தை ஓட்டிப் பார்க்காமல் பிளேனரில் (இழைக்கும் மெஷினில்) விட்டால் பிளேடு போய்விடும்.

ஈரம் பற்றி அவர் சொன்னதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மரம் மேலே காய்ந்தது போலத் தொடுவதற்கு இருக்கும், நடுவில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிற்கும். அதனால் முனையில் மீட்டர் குத்தி வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. உபரிப் பலகையில் முனையிலிருந்து அரை அடி தள்ளி வெட்டி, புதிதாகத் தெரியும் முகத்தில் குத்திப் பார்க்க வேண்டும். 10 முதல் 12 வரை காட்டினால் வேலையைத் தொடங்கலாம். வீட்டுக்கு வந்த மரத்தைத் தரையில் போடாமல், முக்கால் இன்ச் குச்சிகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நேர்கோட்டில் வைத்து அடுக்கி, முனைகளுக்கு பெயின்ட் அடித்து, மேலே கனம் வைத்து, மேசை நிற்கப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேராக இல்லாவிட்டால் பலகை அங்கேயே வளையப் பழகிவிடும்.

அறுவை மில் மேஸ்திரிக்கு அடுத்த நன்றி. வளையம் பலகையின் முகத்துக்குப் படுத்தாற்போல் போகும் பலகை அதிகமாக ஏறி இறங்கும், வளையம் நிமிர்ந்து நிற்கும் பலகை கிட்டத்தட்ட அதில் பாதிதான் அசையும். எங்கள் மரத்தை அவர் அதற்கேற்பத் திருப்பிப் போட்டு அறுத்ததில் ஏழு பலகைகளில் நான்கு நிமிர்ந்த வளையத்தோடு கிடைத்தன. சேதாரம் கொஞ்சம் கூடும், நேரமும் கூடும். அவர் இரண்டையும் பொறுத்துக்கொண்டார்.

இனி ஆசாரி ஐயா. இந்த மேசையின் எலும்பும் நரம்பும் அவர் கைவாகு. இழைப்புளிக்கும் உளிக்கும் பதம் வைப்பதிலிருந்து தொடங்கினார். தேக்கில் மணல் சத்து உண்டு, அது கூர்மையைத் தின்றுகொண்டே இருக்கும். மெஷின் பிளேடு கார்பைடு முனையாக இருக்க வேண்டும். கை உளியை வேலைக்கு நடுவே அடிக்கடி கல்லில் தேய்க்க வேண்டும். மழுங்கிய கூர் மரத்தை வெட்டாது, தேய்த்துப் பளபளப்பாக்கிவிடும். அந்தப் பளபளப்பில் பசை ஊறாது. ஒட்டிய பலகைகள் சில மாதத்தில் கோடு விட்டுப் பிரிவதற்குப் பசையைக் குறை சொல்பவர்கள் முதலில் தங்கள் பிளேடைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணம் தேக்கின் எண்ணெய். இழைத்து நாளாக ஆக அது மேலே வந்து நிற்கும். ஆகவே விளிம்பை இழைத்த அன்றே ஒட்ட வேண்டும். தள்ளிப்போனால் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த கையோடு பசை போட வேண்டும். இரண்டு விளிம்பையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முனைகளில் துளி வெளிச்சமும் வரக் கூடாது. நடுவில் காகிதக் கனத்தில் பாதி இடைவெளி இருந்தால் நல்லதே, கிளாம்ப் இறுக்கும்போது முனைகள் இன்னும் அழுத்தமாகச் சேரும்.

பசை ஃபெவிகால் மெரைன். சென்னை வெயிலில், அதுவும் ஃபேன் சுற்றினால், தடவி முடிப்பதற்குள் ஏடு கட்டிவிடும். அதனால் விடிகாலையில், ஃபேனை நிறுத்திவிட்டு, ஏழையும் ஒரே மூச்சில் ஒட்டாமல் மூன்றும் நான்குமாக ஒட்டி, மறுநாள் இரண்டையும் சேர்க்கச் சொன்னார். கிளாம்ப் அடிக்கு ஒன்று, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி. எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை வில்லாக வளையும். பசை கோடு நெடுக முத்து முத்தாகக் கசிந்தால் அழுத்தம் சரி. வழிந்து கொட்டினால் பசை அதிகம். கசிவே இல்லாவிட்டால் அங்கே பசை இல்லை. கசிந்ததை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. கரைந்த பசை மரக் கண்களுக்குள் போய் உட்கார்ந்து, பாலிஷ் ஏறியதும் வெளிறிய திட்டாகக் காட்டிக்கொடுக்கும். அரை மணி கழித்து ரப்பர் பதத்தில் உளியால் சுரண்டினால் சுருளாக வந்துவிடும்.

கால்-சட்டம் பொருத்து: சட்டம் 4 இன்ச் அகலம், 1 இன்ச் கனம். காலின் துளைக்குள் நுழையும் சட்ட முனையான கழுந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 3 நூல் கனம் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). ஒன்றரை இன்ச் நீளம். துளை அரை நூல் ஆழம் கூடுதல், மிச்சப் பசைக்கு இடம் வேண்டுமல்லவா. ஒரே காலுக்குள் இரண்டு பக்கமிருந்து வரும் கழுந்துகள் மோதாமல் இருக்க நுனிகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். காலின் தலையில் ஒரு இன்ச் கூடுதலாக விட்டுத் துளை போட்டு, ஒட்டி முடித்த பிறகே அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துளையின் மேல் ஓரம் பிளக்கும். பசை இல்லாமல் ஒருமுறை முழுதும் கோத்து, மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகுதான் பசை டப்பாவையே திறக்கவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கற்றுக்கொடுத்தது மேல்பலகையை எப்படி இறுக்காமல் இருப்பது என்பதை. ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து அகலும், சித்திரையில் ஏசி போட்ட கூடத்தில் சுருங்கும். ஈரம் 4 சதவீதம் மாறினாலே, வளையம் படுத்த பலகையானால் 3 அடி அகலத்தில் 6 முதல் 7 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு நூல், வித்தியாசம் வரும். நீளவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. பலகையைச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டு முறுக்கினால், அல்லது பசை வைத்தால், அந்த இரண்டு நூலுக்கு வழியில்லாமல் நடுவில் வெடிக்கும். அழகுக்காக நான்கு பக்கமும் பார்டர் பட்டி ஒட்டும் வழக்கத்துக்கும் இதே கதிதான். முதல் கோடையிலேயே மூலை வாய் பிளந்த மேசைகளை ஊரெங்கும் பார்க்கலாம்.

அதற்கு மாற்றாக, சட்டத்தின் உள்பக்கம் மேல் விளிம்பிலிருந்து அரை இன்ச் கீழே ஒரு காடி (நீளப் பள்ளம்). அதில் நாக்கு நுழையும்படி சின்னத் தேக்குக் கட்டைகள் எட்டு. கட்டை பலகையோடு மட்டும் ஸ்க்ரூவால் பிடித்திருக்கும், நாக்கு காடிக்குள் சும்மா நிற்கும். நீளச் சட்டங்களில் கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். குட்டைச் சட்டம் இரண்டிலும் நட்டநடுவில் மட்டும் ஒரு ஸ்க்ரூ நேராக ஏறும். அப்போது பலகை நடுவைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் சமமாக அகலும், ஒரு பக்கமாக நகராது. ஸ்க்ரூ எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்தால் தேக்கில் கறுப்புக் கறை இறங்கும்.

சாணை பிடித்துக் கொடுத்த அண்ணனுக்கும், பட்டறைக்குத் தனி 16 ஆம்ப் லைன் இழுத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் போட்டுக் கொடுத்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. ஒல்லி எக்ஸ்டென்ஷன் வயரில் மெஷின் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும் என்று அவர் சொன்னது பட்டறை வைத்திருக்கும் எல்லோர் காதிலும் விழ வேண்டும்.

பாலிஷ் மேஸ்திரிக்கு நன்றி சொல்லும்போது உப்புத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். 80, 120, 180 என்று வரிசை தாண்டாமல், ரேகையின் போக்கிலேயே. 80-இன் கீறலை 180 அழிக்காது, பாலிஷ்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டும். பிறகு ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பும் மயிரை 220-ஆல் எடுக்க வேண்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சில் இழுப்பும் தரும். முகக்கவசம் இல்லாமல் தன் பக்கத்தில் யாரையும் அவர் நிற்கவிடவில்லை.

பிரெஞ்சு பாலிஷ் (அரக்குப் பாலிஷ்) தேக்குக்கு அழகு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாம்பார் பாத்திரத்தைச் சூடாக வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம் என்றார். ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பியூ, அதாவது பாலியூரித்தேன் பூச்சுதான் சரி. விகிதம் டின்னில் போட்டிருப்பதுதான், கண்ணளவு கூடாது. ஹார்டனருக்கு ஈரம் ஆகாது, காற்றின் ஈரம் பட்டாலே கொப்புளிக்கும். எனவே மூடியை உடனே மூடுவது, கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, மழை நாளில் ஸ்ப்ரே கன்னையே தொடாமல் இருப்பது என்பதெல்லாம் அவர் சட்டம். சீலர் (அடிப்பூச்சு) இரண்டு கோட், 320-இல் தேய்ப்பு, மேல் கோட் இரண்டு. கண்ணில் படாத அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கை. மேலே மட்டும் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரத்தைத் தன்னிஷ்டத்துக்கு இழுத்து பலகை தட்டுப்போலக் குழியும். சில மணி நேரத்தில் தொடலாம்; முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை சூடான பாத்திரம் கூடாது. அதன் மேல் கண்ணாடி போடலாமா என்று கேட்ட உறவினருக்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழியில்லை என்பது அதன் சாரம்.

மரம் ஏற்றி வந்த குட்டியானை ஓட்டுநருக்கும், ஐம்பது கிலோவுக்கு மேல் வரும் மேசையைப் பலகை தனி, காலோடு சேர்ந்த சட்டம் தனியாகக் கழற்றி மாடிப்படியில் தூக்கி வந்த பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், மதிய உறக்க நேரம் தவிர மற்ற நேரத்து ரவுட்டர் (மரம் குடையும் மெஷின்) சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி.

மேல்பலகையைச் சமன்செய்ய ரவுட்டரை ஓட்டிய சட்டமும், கிளாம்புகளும், மிச்சத் தேக்குத் துண்டுகளும் பட்டறையில்தான் இருக்கின்றன. நம் பகுதியில் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துப் போகலாம். ஆசாரி ஐயா பதம் வைத்துக் கொடுத்த இழைப்புளி மட்டும் இரவல் கிடையாது.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வீட்டுப் பட்டறையினர்