டாலர் கடையப் போகும் மகளுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். சின்ன லேத் (கடைசல் எந்திரம்) வாங்கிவிட்டேன், சங்கிலியில் கோக்கும் டாலர் கடையப் போகிறேன் என்று நீ புனேயிலிருந்து சொன்னது முதல் எனக்கு அதே நினைப்புதான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

பார்சலில் உள்ள துண்டுகள் ஓசூரில் சமையல் மேடை போடும் ஒருவர் கொடுத்தவை. சிங்க் வைக்க வெட்டியெடுத்த பகுதி, அவருக்குக் கழிவு. கோரியன் என்ற செயற்கைக் கல் வகைப் பலகை. 1967-இல் டூபாண்ட் கம்பெனியில் உருவானது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அலுமினிய ட்ரைஹைட்ரேட் மாவு, மீதி அக்ரிலிக் பிசின். ஏற்காட்டில் வெட்டி மேட்டூருக்கு அனுப்பினார்களே பாக்சைட், அந்த மாவுக்கும் அதுதான் மூலம். நம்மூர் கிரானைட் போலப் பளபளக்கும், ஆனால் மர உளிக்கே இணங்கிவிடும். மரத்தில் இருப்பது போல ரேகை ஓட்டம் இல்லாததால் எந்தப் பக்கம் கடைந்தாலும் சிலாம்பு எழாது. கை பழக இதுவே நல்ல சரக்கு.

டாலர் வேலையில் கடைவதைவிடப் பிடிப்பதுதான் பெரிய காரியம். இந்தப் பலகையில் வெட்டிய 12 மில்லிமீட்டர் கன வில்லையை லேத்தின் கவ்வியான சக்கில் கவ்வினால் முகம் முழுக்கக் கடைய முடியாது. பேஸ்பிளேட்டில், அதாவது லேத்தில் சுழலும் தட்டில், ஒரு மரக்கட்டையை முடுக்கி, அதன் முகத்தைச் சமமாகக் கடைந்துகொள். கட்டையையும் வில்லையையும் தூசி இல்லாமல் துடைத்து, நடுவில் இருபக்கமும் ஒட்டும் டேப் வைத்து ஒட்டி, லேத்தின் எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கால் கொஞ்ச நேரம் அழுத்தி வை. டேப்புக்குச் சூடு ஆகாது கண்ணு. உளி மழுங்கினால் உரசல், உரசினால் சூடு, சூடானால் பசை இளகி வில்லை பறந்துவிடும். கூர் இருக்கும்வரை சீவல் சீவலாக விழும். மாவாகக் கொட்டத் தொடங்கியதும் நிறுத்தி, சாணை பிடித்துவிட்டு வா. முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் மூக்குக்கு நல்ல மாஸ்க்கும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதே. இதில் அப்பாவுக்கு விட்டுக்கொடுக்க மனசே இல்லை.

அப்புறம், அழகு எங்கே வருகிறது தெரியுமா? வெள்ளைத் துண்டின் மேல் கறுப்பை ஒட்டிக் காயவிடு. முதலில் நடுவில் ஒரு பள்ளம் கடை. பிறகு டேப்பைப் பிரித்து, வில்லையைக் கொஞ்சம் தள்ளி ஒட்டி, இன்னொரு பள்ளம் கடை. கறுப்பு தீர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும் இடத்தில் பிறை விழும். மையம் மாறினால் எடை ஒரு பக்கம் சாயும், அதனால் வேகத்தை நன்றாகக் குறைத்துவிடு. சங்கிலிக்கான துளையைப் பின்னால் மரத்துண்டு வைத்து மெதுவாகப் போடு, இல்லாவிட்டால் மறுபக்கம் உதிரும்.

மெருகுக்கு வாட்டர் பேப்பர் போதும். வில்லையைக் கழற்றி, தண்ணீர் தொட்டுக் கையாலேயே 240, 400, 600, 1000 நம்பர் தாள் என்று வரிசையாகத் தேய். முந்தின தாளின் கோடு மறையாமல் அடுத்ததற்குப் போகாதே. கறுப்பில் ஒவ்வொரு கீறலும் தெரியும், வெள்ளை மன்னிக்கும். டேப் பசையைத் துடைக்க ஸ்பிரிட் போதும், தின்னர் வேண்டாம்.

பார்சலில் கறுப்பு குறைவுதான், அதைப் பிறகு எடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. டாலர் அப்புறம், முதலில் உளியின் முனையைக் காட்டு.

அன்புடன்,
அப்பா