மகளிர் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கம், கோவை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவி அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டுப் பயணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்பாறைக்கும் கோத்தகிரிக்கும் போய் வந்தோம். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகளையும் புது உறுப்பினர்கள் நிதானமாக ஏறினார்கள். மழையால் ஒரு பயணம் நின்றது. யாருக்கும் அடியில்லை.

செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது பாதுகாப்பு உடுப்பு விஷயம்தான். நம்மில் பலரிடம் ரைடிங் ஜாக்கெட் இருக்கிறது, ஆனால் பீரோவுக்குள் இருக்கிறது. கேட்டால், வெக்கை, கனம், தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது என்கிறார்கள். போடாதவர்களைத் திட்டிப் பயனில்லை. உடுப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். ஒரு கடையில் ‘லேடீஸ் மாடல்’ என்று காட்டியது, ஆண்களுக்கான சின்ன அளவு ஜாக்கெட்டில் பிங்க் கோடு போட்டது. அந்தக் கடைப் பெயர் வேண்டாம், விடுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அவரவர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்தோம். நிற்கும்போது கச்சிதமாக இருந்தது, ஹேண்டில்பாரைப் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டது. ஜாக்கெட்டின் கை மேலேறி, அடி தாங்க உள்ளே வைத்த முழங்கை பேட் நகர்ந்துவிடுகிறது. முழங்கால் பேட் சிலருக்குக் கெண்டைக்கால் பக்கம் இறங்கிவிட்டது. விழும்போது அந்தப் பேட் எலும்பின் மேல் இருந்தால்தானே பயன்? ஆகவே கடையில் கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள், வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் பேடை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டும் வசதி உள்ள பேன்ட்டாக வாங்குங்கள். தையல்காரரிடம் கொடுப்பதானால் தோள், முழங்கைத் தையலைப் பிரிக்க விடாதீர்கள்; சாலையில் உரசும்போது தாங்குவது அதுதான்.

தோள், முழங்கை, முழங்கால் பேடில் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதில் லெவல் 1-ஐ விட லெவல் 2 அதிர்ச்சியைக் கூடுதலாகத் தாங்கும். முதுகுப் பகுதியில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்ச்தான் வைத்துத் தருகிறார்கள். அதை எடுத்துவிட்டு இ.என். 1621-2 முத்திரையுள்ள முதுகு பேட் வாங்கிப் போடுங்கள்.

வெயிலுக்கு மெஷ், அதாவது வலைத்துணி, ஜாக்கெட் நல்லது. ஓடும்போது காற்று உள்ளே வரும். சிக்னலில் நின்றால் வேகத்தான் செய்யும், அதை மறைப்பதற்கில்லை. உள்ளே காட்டனை விட வியர்வை சீக்கிரம் உலரும் மெல்லிய பனியன் மேல்.

ஹெல்மெட் பற்றி: உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்தோரம் தாழ்வாகப் பின்னல் போடுங்கள். ஜிமிக்கியைக் கழற்றிப் பையில் வையுங்கள், அக்காமார்கள் கோபிக்க வேண்டாம். புதிதாகப் போடும்போது கன்னத்தில் லேசாக அழுத்த வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே வர வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. ஆனாலும் சாலையோரத்தில் கிடைக்கிறது.

சேலையிலும் சுடிதாரிலும் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி ஜாக்கெட்டுக்குள் அடக்கிவிடுங்கள். ‘லுக்’ கெடுகிறது என்று வீட்டுப் பையன்கள் பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டைக் கழற்றச் சொன்னால் விடாதீர்கள். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்கிறது.

புது உறுப்பினர்களுக்கு இரவல் தர ஜாக்கெட், முழங்கால் பேட் சேர்த்து வைத்திருக்கிறோம். திருப்பும்போது பேடை எடுத்துவிட்டுத் துவைத்துத் தர வேண்டும். இந்தச் சின்ன விதிக்கு நடந்த விவாதம் நீண்டது. ஹெல்மெட் மட்டும் இரவல் கிடையாது. முன்பு ஒரு முறை கீழே விழுந்ததா என்பது வெளியே தெரியாது.

கிளவுஸ் விஷயம் தீரவில்லை. சின்னக் கைக்கு ஏற்றது கிடைப்பதில்லை. விரல் நுனி நீண்டால் கிளட்ச் லீவரில் மாட்டுகிறது. மொத்தமாக அளவு கொடுத்துத் தைக்க வழி தேடுகிறோம். தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்