அக்ரோபோலிஸுக்கு இரண்டு மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஏதென்ஸ் பயணக் கட்டுரையில், அக்ரோபோலிஸ் குன்றையும் அதன் அருங்காட்சியகத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தது. அதை நம்பிப் போகிறவர்களுக்குக் கூட்டமும் கால்வலியும்தான் மிஞ்சும். குன்றின் மேல் இரண்டு மணி, அருங்காட்சியகத்தில் இரண்டு மணி, நடுவில் சாப்பிடவும் உட்காரவும் ஒரு மணி வேண்டும். இதற்குக் குறைவாக நேரம் ஒதுக்கும் வழிகாட்டி நடையில் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

2023 செப்டம்பரிலிருந்து குன்றுக்கு ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, நேரம் குறித்த டிக்கெட் தருகிறார்கள். காலை எட்டு மணி டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட். ஒன்றை வாங்கிவிட்டு இரண்டுக்கும் சேர்த்து வாங்கியதாக நினைத்து, வாசலில் போய் முழிப்பவர்கள் நிறைய. வழிகாட்டிக் கட்டணத்தில் நுழைவுச் சீட்டும் அடக்கமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோடையில் நடுப்பகல் வேளையை அறவே தவிர்க்க வேண்டும். 2023 ஜூலை வெப்ப அலையின்போது பகல் 12 முதல் மாலை 5 வரை குன்றையே மூடினார்கள்.

பேருந்துக் கூட்டம் முழுக்க மேற்கு வாசலில்தான் இறங்கும். அக்ரோபோலி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தென்கிழக்கு வாசல் ஒன்று இருக்கிறது. அங்கே நுழைந்தால் டயோனிசஸ் நாடக அரங்கைப் பார்த்துக்கொண்டே தெற்குச் சரிவு வழியாக மெல்ல ஏறலாம். மேலே பாறையும் சலவைக்கல்லும் கோடிக்கணக்கான கால்கள் பட்டு வழவழவென்று ஆகிவிட்டன, மழை இல்லாமலே வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ போடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வடக்குப் பக்கம் 2020இல் திறந்த லிஃப்ட் உண்டு. வானிலை மோசமானால் அது ஓடாது.

கிரேக்கத்தில் தொல்லியல் தளத்துக்குள் விளக்கம் சொல்ல அரசு உரிமம் வேண்டும். ஊரிலிருந்து கூட வரும் டூர் மேனேஜர் அங்கே பேச முடியாது. அதனால் வரலாற்றைப் பேருந்திலேயே தமிழில் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். தளத்தில் உள்ளூர் வழிகாட்டியிடம் ஆண்டுகளையும் அரசர்களையும் கேட்டுக்கொண்டிராமல், கல்லைக் காட்டச் சொல்லுங்கள்.

காட்டச் சொல்ல வேண்டியது என்ன? நுழைவாயிலான ப்ரொப்பிலேயாவின் சுவர்களில் கைப்பிடி அளவுக்குக் குமிழ் குமிழாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும். அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்லைத் தூக்கவும் நகர்த்தவும் விட்டுவைத்த பிடி அது. வேலை முடிந்ததும் உளி வைத்துச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். கி.மு. 437இல் தொடங்கிய அந்தக் கட்டடம், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனேசியப் போர் நெருங்கியதால் கி.மு. 432இல் அப்படியே நின்றுபோனது. அந்தக் குமிழ்கள் இன்னும் உளிக்குக் காத்திருக்கின்றன.

அடுத்து, ஏதெனா தெய்வத்தின் கோயிலான பார்த்தினன். கயிற்றுக்கு இந்தப் பக்கமே ஒரு மூலையில் குனிந்து, கண்ணைப் படி மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாட்டில் பாருங்கள். படி நேர்க்கோடாக இருக்காது, நடுவில் மேடு தட்டும். சுமார் 69.5 மீட்டர் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர், 31 மீட்டர் அகலப் பக்கத்தில் 6 சென்டிமீட்டர். தூண்களும் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடப் பருமன். அதனால் ஒரு தூணுக்குச் செதுக்கிய கல்லை இன்னொரு தூணில் வைக்க முடியாது.

கட்டுரையில் "காலத்தால் சிதைந்த கோயில்" என்று வந்தது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. காலம் அதைச் சாய்க்கவில்லை. கோயிலாக, தேவாலயமாக, மசூதியாக மாறி மாறி இருந்தும் தூண்களும் சுவர்களும் பெரும்பாலும் 2,100 ஆண்டுகளுக்கு மேல் நின்றன. 1687 செப்டம்பர் 26 அன்று, அப்போது ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமானியத் துருக்கியர் உள்ளே வைத்திருந்த வெடிமருந்தின் மேல் வெனிஸ் படையின் குண்டு விழுந்தது. நடுப்பகுதி சிதறியது அன்றுதான்.

பிறகு பழுது பார்த்தவர்களாலும் கேடு வந்தது. பண்டைய கொத்தர்கள் கற்களை இரும்புப் பட்டையால் இணைத்து, அதன்மேல் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். காற்றும் நீரும் படாததால் இரும்பு துருப்பிடிக்கவில்லை. 1898இல் தொடங்கி பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் செய்த சீரமைப்பில் ஈயம் இல்லாமல் இரும்பு வைத்தார்கள். துரு பருத்துக் கல்லைப் பிளந்தது. இப்போது அவற்றையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்துகிறார்கள். தூணில் வெள்ளை வெளேரென்று ஒட்டுப் போட்டதுபோல் தெரிவது புதுக் கல். அதுவும் பழையதைப் போலவே பெண்டலிக்கான் மலையில் வெட்டியதுதான். அந்தக் கல்லில் கொஞ்சம் இரும்பு கலந்திருப்பதால் பழசாக ஆகத் தேன் நிறம் ஏறும்.

எரெக்தியோன் கோயில் முகப்பில் பாரம் தாங்கி நிற்கும் ஆறு பெண்களும் நகல்கள். மூலச் சிலைகளில் ஐந்து அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில். அருங்காட்சியகத்தில் அந்த ஆறாவது பெண்ணின் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். சிலைகளின் பின்னால் போய்ப் பாருங்கள். தடித்த பின்னல்கள் முதுகில் இறங்கும். அந்தப் பின்னல் இல்லாவிட்டால் அவ்வளவு பாரத்துக்கு மெலிந்த கழுத்து முறிந்திருக்கும். குன்றின் மேல் இதை இப்படி நெருங்கிப் பார்க்க வழியில்லை.

அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில் பார்த்தினனின் 160 மீட்டர் சிற்பப் பட்டையை, கோயிலில் இருந்த அதே திசைப்படி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் கண்ணில் படுகிறதோ அங்கே தொடங்கினால், அதில் செதுக்கியிருக்கும் ஊர்வலத்தின் போக்கு குழம்பிவிடும். மேற்கில் தொடங்குங்கள். குதிரை வீரர்கள் கிளம்பத் தயாராவது அங்கேதான். வடக்குப் பக்கமாக அவர்கள் கூடவே நடந்து கிழக்குக்கு வாருங்கள். வழியெல்லாம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தினன் தெரியும். மங்கிய தேன் நிறத்தில் இருப்பவை மூலக் கற்கள், வெள்ளையாக இருப்பவை லண்டன் முதலிய இடங்களில் உள்ள கற்களின் சாந்து வார்ப்புகள். கிழக்கில், ஏதெனா தெய்வத்துக்கான துணியை மடிக்கும் நடுக்காட்சி வெள்ளை வார்ப்பு. அதற்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் பொசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் மூவரும் மூலக் கல். அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று பார்க்க வழிகாட்டியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை