ஒன்றும் செய்யவில்லை என்கிறாயே, தம்பி

அன்பு மகனுக்கு,

நேற்று போனில், "இரத்தத்தில் சீனி 2.9 காட்டினது அப்பா, ஆனால் எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்று ஆறுதலாகச் சொன்னாய். அதைக் கேட்டு அம்மா நிம்மதியாகப் படுத்துவிட்டார். எனக்கோ அந்த "ஒண்டும் செய்யேல்லை"தான் நித்திரையைக் கெடுத்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தே வயதுபோனவன் நான். அந்தச் சொல்லுக்குப் பயப்படுவேன்.

லண்டன் கணக்கை 18ஆல் பெருக்கினால் எங்கள் கணக்கு வரும். உன்னுடையது 52. 70க்குக் கீழே போனாலே குறைவு. 54க்குக் கீழே மூளையே தடுமாறலாம். உடம்பு நிறையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் சும்மா இருக்கும்போதும் உடம்பின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். ஈரல்போலச் சீனியைச் சேர்த்துவைக்கவும் அதற்கு வழியில்லை. இரத்தம் கொண்டுவந்தால்தான் உண்டு.

சீனி இறங்கும்போது முதலில் அட்ரினலின் என்ற ஹோர்மோன் சுரக்கும். வியர்வை, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் அதனால் வருவதுதான். நல்லதுக்குத்தான் வருகிறது, எழும்பிச் சாப்பிடு என்று. அடிக்கடி இறங்கினால் உடம்பு அதற்குப் பழகிவிடும். எச்சரிக்கை பிந்தி வரும், பிறகு வராமலே போகும். அப்போது வியர்க்காமல் நேரே புத்தி தடுமாறும், பேச்சுக் குழறும், வலிப்புக்கூட வரலாம். தடுமாறுகிறேன் என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதானே?

போன கிழமை இரவு நீ காரணமில்லாமல் சத்தம் போட்டாயாம், காலையில் அது உனக்கு ஞாபகமே இல்லையாம். மருமகள் அழுதுகொண்டு சொன்னாள். அது உன் குணமில்லை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இனி அப்படி நடந்தால் வாக்குவாதப்படாமல் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். நீயும் கையை நீட்டு.

இங்கே அரிவுவெட்டுக் காலத்தில் ஒருவர் சீனியைக் குறைக்கும் கிளிபென்கிளமைட் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டார். வரம்பில் தள்ளாடியவரைப் பார்த்தவர்கள் கள்ளு என்று நினைத்து விலகிப் போனார்கள். நல்லகாலம், மகள் ஓடிவந்து சீனித் தண்ணி பருக்கினாள். தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரியில் மறிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிசை நெடுநேரம் வேலை செய்வதால் சீனி திரும்பவும் இறங்கும். அங்கே உன்னையும் ரோட்டில் அப்படித்தானே நினைப்பார்கள்? நீரிழிவுக்காரன் என்று எழுதிய அட்டை ஒன்றைப் பொக்கற்றில் வைத்திரு.

நீ வான் ஓட்டுகிறவன். ஏறுமுன் பார், உங்கள் லண்டன் கணக்கில் 5க்குக் குறைவென்றால் முதலில் சாப்பிடு. ஓடும்போது இறங்கினால் ஓரமாக நிறுத்திவிட்டுக் குளுக்கோஸ் எடு. சீனி சரியான பிறகும் 45 நிமிடம் பொறுக்க வேண்டும் என்று அந்த நாட்டிலேயே விதி இருக்கிறது, மூளை தெளியப் பிந்தும் என்பதால். முதலாளி பேசினால் பேசட்டும்.

4க்குக் கீழே கண்டால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது தண்ணியில் கரைத்த நாலு தேக்கரண்டி சீனி. 15 நிமிடத்தில் திரும்பப் பார். சொக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நீ மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். சீனியை ஏற்றும் குளுக்ககொன் ஊசி போடவும் அம்புலன்ஸைக் கூப்பிடவும் மருமகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இங்கே 1990, உங்களுக்கு 999.

போன எச்சரிக்கை திரும்பியும் வரும், தம்பி. சில கிழமைகள் ஒருமுறைகூட இறங்காமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு நடுக்கமும் வியர்வையும் மறுபடி தெரியத் தொடங்கும். அதற்கு உன் இன்சுலின் ஊசியின் அளவை மாற்ற வேண்டிவரலாம். நீயாக நிறுத்தாதே, மெஷினில் பதிந்த கணக்கு முழுவதையும், அந்த இரவுச் சத்தத்தையும் மறைக்காமல் டொக்டரிடம் சொல். மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, நீ மறந்ததை அவள் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை எடுப்பேன். எந்தத் திகதிக்கு டொக்டரிடம் போகிறாய் என்று அப்போது சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா
கிளிநொச்சி