எச்1975 ஞாபகம் இருக்கிறதா?

அன்புள்ள சுகந்தி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. உன் மகள் காதுகுத்துக்கும் வரவில்லை. திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள், முதலில் இதைப் படி.

நுரையீரல் புற்றுக்கான ஜெஃபிட்டினிப் மாத்திரையில் அம்மா பதினாறு மாதம் நன்றாகத்தான் இருந்தார். பொங்கலுக்கு முன்னால் மறுபடியும் இருமல், ஸ்கேன் எடுத்தால் கட்டி வளர்ந்திருக்கிறது. ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். போன செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் முதலிலேயே இருந்த எல்858ஆர் மியூட்டேஷன், அதாவது மரபணு மாற்றம், அதோடு இப்போது டி790எம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு பாஸ்கரன் சார் லேபின் மூலை இன்குபேட்டரும், நீ மார்க்கரில் ‘மகாராணி’ என்று எழுதி வைத்த ஃபிளாஸ்க்கும்தான் கண்முன் வந்தன. நம் எச்1975 செல் லைனேதான், சுகந்தி, ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து லேபில் விடாமல் வளர்த்து வந்த அதே செல்கள். அதில் இருந்த அதே இரண்டு மியூட்டேஷன் இப்போது அம்மாவுக்கு.

ஒன்றரை வருடம் அதற்கு மீடியா என்ற வளர்ப்புத் திரவத்தை மாற்றினோம், ஞாயிற்றுக்கிழமைகூட போய்ப் பார்த்தோம், பூஞ்சை வந்த அன்று நீ சாப்பிடவே இல்லை. அது யாருடைய செல் என்று ஒரு நாளாவது கேட்டோமா? அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 1988 ஜூலையில் உருவாக்கியது. புகை பிடிக்காத ஒரு பெண்ணின் நுரையீரல் கட்டி. பெயர் கிடையாது.

உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஆதி கஸ்தர். பம்பாயில் பிறந்து, லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படித்து, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் சேர்ந்த பெத்தாலஜிஸ்ட். அங்கே புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஜான் மின்னாவோடு சேர்ந்தார், 1991-ல் இருவரும் டல்லாஸுக்கு, யூ.டி. சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்துக்குப் போனார்கள். 2018 டிசம்பரில் இறந்துவிட்டார். நோயாளியின் கட்டியை எடுத்து சீரம் என்ற ரத்தத் தெளிநீரை ஊற்றி வைத்தால் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற சாதாரண இணைப்புத் திசு செல் மண்டி கேன்சர் செல்லை அமுக்கிவிடும், நமக்கும் அது தெரியும். அவர்கள் குழு சிறுசெல் புற்று என்ற நுரையீரல் புற்று வகைக்கு சீரமே இல்லாமல் இன்சுலின், ஹைட்ரோகார்ட்டிசோன், டிரான்ஸ்ஃபெரின், எஸ்ட்ரடயால், செலீனியம் என்று அளந்து போட்டு வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தது. பிறகு மற்ற வகைகளுக்கும் தனித்தனி மீடியா. 2010-ல் அவரும் மின்னாவும் எழுதிய கட்டுரையில் கணக்கு இருக்கிறது: 200-க்கும் மேற்பட்ட நுரையீரல் புற்று செல் லைன்கள், அவற்றைப் பயன்படுத்தியதாக 9,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். இத்தனை மேற்கோள் வந்ததற்குக் காரணம் செல்லைப் பூட்டி வைக்காமல் உலகம் முழுக்கக் கொடுத்ததுதான். கேட்டவர்களுக்கெல்லாம் போனது, நம் ஊர் லேப் வரைக்கும்.

கொடுத்ததற்கு உரிய பெயர் எப்போதும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. எய்ட்ஸ் ரத்தப் பரிசோதனைக்காக எய்ட்ஸ் ஆராய்ச்சியாளர் ராபர்ட் காலோவின் லேபில் வைரஸைப் பெருமளவில் வளர்த்த எச்9 செல் ஞாபகம் இருக்கிறதா? அதன் தாய் செல் கஸ்தரும் மின்னாவும் உருவாக்கிய ஹட்78. காலோ குழுவின் 1984 கட்டுரையில் அந்த மூலம் சொல்லப்படவில்லை, 1989-ல்தான் உறுதியாகத் தெரிந்தது. எங்கள் கல்லூரியில் பதவி உயர்வுக்கு எச்-இன்டெக்ஸ் என்ற மேற்கோள் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு என் ஃபைலை மூடினார்கள் என்ற கோபம் எனக்கு இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். செல்லை வளர்த்து அடுத்தவனுக்கு அனுப்பி வைப்பதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் போடுவார்கள்?

சரி, அதை விடு. அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ஐந்து மாதம் டிபி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், பயாப்ஸியே எடுக்காமல். அப்புறம் கேன்சர் என்றதும் வருகிறவர்கள் எல்லாம் ‘வீட்டில் யார் சிகரெட்?’ என்றார்கள். அப்பா சுருட்டு தொட்டதில்லை என்று சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துபோனார். 2007-ல் கஸ்தர் மற்ற இருவரோடு எழுதிய கட்டுரையை நான் முன்பே படித்திருக்க வேண்டும். உலகில் நுரையீரல் புற்றில் சுமார் 25 சதவீதம் புகையிலையால் வருவதில்லை, அது வேறொரு நோய் என்றே எழுதியிருக்கிறார்கள். 2005-ல் அவர் குழு பார்த்த கட்டிகளில், புகைக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கு ஈஜிஎஃப்ஆர் மியூட்டேஷன், புகைத்தவர்களில் 10 சதவீதம்தான்.

இதைக் கேள். 1988-ல் ஜெஃபிட்டினிப் கிடையாது. அந்தப் பெண் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் மாத்திரையை ஏமாற்றும் டி790எம் அவள் செல்லில் அப்போதே இருந்திருக்கிறது. 2005-ல் அதைக் கண்டுகொண்ட பிறகு, புது மருந்து என்று எது வந்தாலும் எச்1975 மேல் போட்டுத்தான் பார்த்தார்கள். அப்படித் தேறிய ஒஸிமெர்ட்டினிப்புக்கு 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறார், தினம் ஒன்று, 80 மில்லிகிராம். விலையைப் பற்றி ஃபோனில் பேசுகிறேன், தம்பி ஏதோ உதவித் திட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

எனக்கு பயமாகத்தான் இருக்கிறது, சுகந்தி. இதுவும் ஒரு நாள் கேட்காமல் போகலாம் என்று நமக்குத் தெரியாதா? அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. எச்1975 கதையை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்தப் பொண்ணுக்குப் பிள்ளைங்க இருந்துச்சா?” என்றார்.

நம் ப்ராஜெக்ட் நோட்டு உன் பரணில் இருந்தால் எடுத்து வை. இருபத்திரண்டாம் தேதி செக்கப், அதற்குள் நீ ஒரு நடை வந்துவிட்டுப் போ. மருந்தால் அம்மாவுக்கு வாயெல்லாம் புண், காரம் ஆகாது. ஆனாலும் உன் கையால் ரசம் சாதம் வேண்டுமாம்.

உன்
கலா