ஃபுளோரிடாவின் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபுளோரிடாவில் தொழில் செய்யும் தமிழ் டாக்டர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் டாம்பாவில் இருக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. பார்க்கின்சன்ஸ் என்ற நரம்பு நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த மாநிலத்தின் மருத்துவ கஞ்சா அட்டை அவரிடம் இருக்கிறது. அவரைப் பராமரிப்பவள் என்ற முறையில் என்னிடமும் ஒன்று இருக்கிறது. இதைத் தமிழில் வெளிப்படையாக எழுத எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கஞ்சா என்ற சொல்லை நாமெல்லாம் போலீஸ் செய்தியில்தான் கேட்டு வளர்ந்தோம். முதல் மாதம் முழுக்க அம்மா அந்தச் சொட்டு மருந்துப் புட்டியை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார், வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மருத்துவ கஞ்சாவுக்கான சான்றை வழங்கும் தகுதியை நீங்களே பெறுங்கள். எங்களை வெளியே அனுப்பாதீர்கள்.

அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் தமிழர். நல்ல மனிதர். இரவில் அப்பா நான்கு முறை, ஐந்து முறை எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், தூக்கமே இல்லை, இதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அது நான் செய்றதில்லம்மா, வெளியில அதுக்குன்னே கிளினிக் இருக்கு, பாத்துக்கோங்க" என்றார். சரி என்று ஒரு கிளினிக்கைத் தேடிப் போனோம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பார்க்கின்சன்ஸுக்கான லெவோடோபா மருந்தை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்கவில்லை. எழுந்து நின்றால் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், இரண்டு முறை குளியலறையில் விழுந்திருக்கிறார். அதையும் நானாகத்தான் சொன்னேன். கஞ்சா ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கக்கூடும், முதியவர்கள் தடுமாறி விழ அது காரணமாகலாம் என்பதை வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, கஞ்சாவில் இருக்கும் சிபிடி என்ற பொருள் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அப்பா வார்ஃபரின் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிற இன்னொருவர் அன்று அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தக் கிளினிக் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அப்பாவைத் தெரியாது. ஒன்பது வருடமாக அப்பாவின் கை நடுக்கத்தைப் பார்த்துவருகிற அந்த நரம்பியல் டாக்டர், உங்களில் ஒருவர், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் என்று பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நீட்டினார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் அவருக்குச் சொல்ல உங்களால் முடியும்.

நடைமுறை எப்படி என்பது உங்களில் பலருக்குப் பழக்கமிருக்காது, அதனால் சொல்கிறேன். தகுதி பெற்ற டாக்டர் நோயாளியை முதல் முறை நேரில் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு நோயாளிக்கு மின்னஞ்சல் வரும். இங்கே வசிப்பதற்கான ஆதாரத்தை இணைத்து, 75 டாலர் கட்டி, மாநிலச் சுகாதாரத் துறைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை ஒரு வருடத்துக்குச் செல்லும். முடிவதற்கு 45 நாள் முன்பிருந்து புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். இது வரை எளிதுதான்.

சிக்கல் இரண்டு கடிகாரங்களில் இருக்கிறது. அட்டை ஒரு வருடம் ஓடும், டாக்டரின் சான்று அவ்வளவு ஓடாது. சட்டப்படி ஒரு டாக்டர் ஒரே நேரத்தில் மூன்று எழுபது நாள் அளவுக்கு மேல் எழுத முடியாது, அதாவது 210 நாள். குறைந்தது 30 வாரத்துக்கு ஒரு முறை நோயாளியை மறுபடி பரிசோதிக்க வேண்டும். அட்டையின் மேல் இருப்பதோ ஒரே ஒரு தேதி. அது ஏப்ரல் என்று போட்டிருந்ததால் ஏப்ரல் வரை கவலையில்லை என்று நான் இருந்துவிட்டேன். டிசம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அப்பாவையும் வாக்கரோடு கூட்டிக்கொண்டு, கஞ்சா மருந்து விற்கும் டிஸ்பென்சரிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அட்டை இருக்கிறது, ஆனால் டாக்டரின் ஆர்டர் முடிந்துவிட்டது, கொடுக்க முடியாது என்றார். கிளினிக்கிலிருந்து எங்களுக்கு ஒரு நினைவூட்டலும் வரவில்லை. அடுத்த தேதி கிடைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு இரவும் அப்பா பழையபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்திலேயே விழித்திருந்தார்.

அப்பாவின் நரம்பியல் டாக்டரான நீங்கள் சான்று கொடுப்பவராக இருந்தால் இந்த இடைவெளியே வந்திருக்காது. அப்பா மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்களிடம்தான் வருகிறார். 30 வாரத்துக்குள் அவரை நீங்கள் இரண்டு முறை பார்த்துவிடுகிறீர்கள். 2023 ஜூலையிலிருந்து புதுப்பிக்கும் பரிசோதனையைக் காணொளியிலும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் நாங்கள் கிளினிக்குக்குத் தனியாக 150 டாலருக்கு மேல் எடுத்துக்கொடுக்கிறோம். காப்பீடு இதற்கு ஒரு காசும் தருவதில்லை.

தகுதி பெற என்ன செய்ய வேண்டும் என்றால், இரண்டு மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஒரு தேர்வு. ஃபுளோரிடா மருத்துவ சங்கமும் ஆஸ்டியோபதி மருத்துவ சங்கமும் நடத்துகின்றன. கட்டணம் 500 டாலரைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. மருத்துவ உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தப் பயிற்சியையும் மறுபடி முடிக்க வேண்டும். டிஸ்பென்சரியில் பங்கோ வேலையோ உங்களுக்கு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உரிமத்துக்கு ஆபத்து வருமோ என்று தயங்குகிறீர்கள் என்பது புரிகிறது. இந்த நாட்டில் உரிமம் வாங்க நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் அத்தை மகனே எம்.பி.பி.எஸ். முடித்து வந்து, இங்கே ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி கிடைக்க மூன்று வருடம் காத்திருந்தான். ஆனால் நீங்கள் செய்வது மருந்துச் சீட்டு எழுதுவது அல்ல, பரிந்துரைச் சான்று தருவது. கலிஃபோர்னியாவில் டாக்டர்களும் நோயாளிகளும் தொடுத்த வழக்கில், கஞ்சாவைப் பரிந்துரைத்ததற்காக மட்டும் ஒரு டாக்டரை அமெரிக்க ஒன்றிய அரசு தண்டிக்க முடியாது என்று 2002இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே ஃபுளோரிடாவில் 2016 நவம்பரில் 71 சதவீத மக்கள் வாக்களித்து இதை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இன்று எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இந்த அட்டை இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் சான்று கொடுத்தவர்களும் உங்களைப் போல் உரிமம் வைத்திருக்கிற டாக்டர்கள்தானே.

இதைச் செய்ய விருப்பமே இல்லாதவர்களும் உங்களில் இருப்பீர்கள். அப்படியானால் ஒரு கேள்வியையாவது உங்கள் நோயாளிகளிடம் கேட்டுவிடுங்கள். அவர் அமெரிக்கக் குடிமகனா?

எங்கள் தெருவில் ஒரு அக்கா முழங்கால் வலிக்கு இந்த அட்டை வாங்க என்னிடம் வழி கேட்டார். கிரீன் கார்டில் இருக்கிறார், அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறார். "அக்கா, முதலில் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்" என்றேன். மாநிலம் அனுமதித்தாலும் ஒன்றியச் சட்டத்தில் கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள். மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்றாலும், கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்து கிரீன் கார்டில் தங்கிவிட்ட பெற்றோருக்கும் இது வாழ்க்கைப் பிரச்சினை. அந்தக் கிளினிக்கில் இருந்த நேரம் முழுக்க எங்களிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. அப்பா 1998லேயே குடிமகனாகிவிட்டார், தப்பித்தோம். ஊருக்குப் போகும்போது இந்தப் புட்டியைப் பெட்டியில் வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல மருந்துகளோடு ஒன்றாக இதையும் எடுத்து வைத்துவிடுவது பெரியவர்களுக்கு இயல்பு.

இது எல்லாவற்றையும் குணமாக்கும் என்று நான் சொல்லவரவில்லை. மருத்துவ கஞ்சா தரக்கூடிய நோய்களின் பட்டியலில் பார்க்கின்சன்ஸைச் சட்டம் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. ஆனால் நடுக்கத்துக்கோ விறைப்புக்கோ இது உறுதியாக உதவும் என்று சொல்லுமளவுக்கு ஆய்வுகள் இல்லை. அப்பாவின் கை இன்றும் நடுங்குகிறது. காப்பி டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்ப முடிவதில்லை. ஆனால் இரவில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார். அம்மாவும் தூங்குகிறார். அளவு கூடினால் காலையில் மந்தமாகிவிடுகிறார். எந்த அளவு சரி என்று பார்த்துச் சொல்லத்தான் எங்களுக்கு ஒரு டாக்டர் வேண்டியிருக்கிறது. இப்போது அதை நானும் டிஸ்பென்சரிக் கவுன்டரில் இருக்கிற பெண்ணுமாகத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் அடுத்த சான்று நவம்பர் 14ஆம் தேதியோடு முடிகிறது. இந்த முறை அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் டாம்பா பக்கத்தில் உங்களில் ஒருவர் அந்த இரண்டு மணி நேரப் பயிற்சியை முடித்திருந்தால் தெரியப்படுத்துங்கள். மருந்துப் பட்டியல், விழுந்த தேதிகள், இரவுத் தூக்கக் கணக்கு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
டாம்பாவிலிருந்து ஒரு மகள்